கணையும் கணப்பும்

வெட்டிக் காயவைத்த கட்டையை எடுத்தவுடன் அப்பா செதுக்க உட்கார மாட்டார். ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, அரிவாளின் முதுகால் நடுவில் ஒரு தட்டுத் தட்டுவார். நல்ல கட்டை கணீரென்று பேசும். உள்ளே கீறல் ஓடியிருந்தாலோ, பூச்சி துளைத்திருந்தாலோ சத்தம் பொத்தென்று அடங்கிப்போகும். அப்படிப்பட்டதை மறுபேச்சில்லாமல் அடுப்புப் பக்கம் எறிவார். “கைக்கு ஆகாதுலே, வயித்துக்கு ஆகும்” என்பார்.

கணை என்றால் அம்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் கணை என்றால் மண்வெட்டிக்குப் போடும் மரக் கைப்பிடி. அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. கதவு, நிலை, கட்டில் செய்யும் ஆசாரிகள் ஊரில் வேறு பேர் இருந்தார்கள். நாங்கள் மண்வெட்டிக் கணை, கோடாலிக் காம்பு, அரிவாள் பிடி, களைக்கொத்திப் பிடி, தொரட்டிக் கம்பு, இவற்றோடு நின்றுகொண்டோம். கரிசல் காட்டில் மழை ஐப்பசியில் இறங்கும். அதற்கு முன்னால், ஆடி கழிந்ததும் சம்சாரிகள் கருவிகளைப் பரணிலிருந்து இறக்கிப் பார்ப்பார்கள். ஒன்றில் கணை ஆடும், ஒன்றில் காம்பு முறிந்திருக்கும். அந்த இரண்டு மாதம் எங்களுக்கு வீடு கிடையாது. அப்பாவின் சைக்கிளில் கட்டைகள், என் சைக்கிளில் பாத்திரமும் மாவும் வாய்ச்சியும் உளியும். சாத்தூரில் கிளம்பி எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையைப் பார்த்துவிட்டு விளாத்திகுளம் வரைக்கும் ஊர் ஊராகப் போவோம். இருட்டுகிற இடத்தில் தங்கல். ஓடைக்கரையோ கண்மாய்க்கரையோ, ஒரு மரம் இருந்தால் போதும்.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காட்டில் கணைக்கு முதல் மரியாதை விடத்தலைக்குத்தான். விடத்தேரை என்றும் சொல்வார்கள். பொழியிலும் வேலியிலும் தானாக முளைக்கும் முள் மரம். பூ நுனியில் மஞ்சளும் காம்புப் பக்கம் இளஞ்சிவப்புமாக இரண்டு நிறத்தில் தொங்கும். பெரிய மரமாக வளராது, கை பருமனுக்கு வரவே வருஷக்கணக்காகும். அப்படி மெதுவாக வளர்ந்ததால்தான் அதன் உள்ளே வைரம் பாய்ந்திருக்கும். மேலே வெளிறிய வெள்ளைக் கட்டை கொஞ்சம், உள்ளே செம்பழுப்பு வைரம். ஓங்கிப் போட்டால் கையில் அதிராது. கொத்தும்போது கல்லில் பட்டாலும் அந்த உதறலை மரமே வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது நாட்டுக் கருவேலம். கோடாலிக் காம்புக்கு அதைவிட நம்பகமான மரம் எங்கள் பக்கம் இல்லை. உசிலை நல்லதுதான், உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்த மரம். ஆனால் எங்கள் கையில் அதற்கு விடத்தலையின் பொறுமை இல்லை. புளி கனத்த கட்டை, கறிக்கடையில் கறி வெட்ட அதைத்தான் போடுகிறார்கள், ஏனென்றால் அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும், கத்தி பட்டாலும் சிராய் கிளம்பாது. அதே பின்னல்தான் நீளமான காம்புக்கு இடைஞ்சல், நேராகப் பிளக்க வராது. கொட்டாப்புளிக்கும் குட்டைப் பிடிக்கும் புளி சரி. மலையடிவாரத்தில் வெக்காலி என்று ஒரு மரம் உண்டு. வண்டி அச்சுக்கும் கோடாலிக் காம்புக்கும் அது ராஜா. அப்பாவின் சின்ன வயதில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கமிருந்து சுமையாக வந்ததாம். இப்போது அந்த மலை 2021இலிருந்து மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். அங்கே ஒரு குச்சியும் தொடக் கூடாது, அதுதான் நியாயம். பட்டா நிலத்தில் நிற்கிற விடத்தலையும் கருவேலமும் எங்களுக்குப் போதும்.

மரம் கிடைத்தாலும் எல்லாக் கிளையும் கணையாகாது. கிளை எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, கணு எங்கே விழுந்தது, பட்டை நேராக ஓடுகிறதா முறுக்கிக்கொண்டு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டை முறுக்கினால் உள்ளே நாரும் முறுக்கியிருக்கும். அப்பா மரத்தடியில் நின்று அரை மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் எனக்கு அது பொறுக்காது. பிற்பாடுதான் புரிந்தது, கணை அங்கேயே கிளையில் இருக்கிறது, அவர் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று. நேர்க் கட்டையைச் செதுக்கி வளைவு உண்டாக்கினால் வளைவில் நார் அறுபட்டுப்போகும். மரமே வளைந்து வளர்ந்த இடத்தை எடுத்தால் நார் வளைவோடு சேர்ந்து ஓடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாறையில் ஒரு போடு போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அது தெரிந்த நாள் எனக்கு மறக்காது. பதினேழு வயது. அப்பா காய்ச்சலில் கிடந்தார். கரிமூட்டம் போடும் ஆள் ஒருவர் அவசரமாகக் கோடாலிக் காம்பு கேட்டு வந்தார். மர அறுவைப் பட்டறையில் அறுத்து வைத்திருந்த ஒரு கட்டை கையில் இருந்தது. பிளந்து எடுக்க நேரமில்லை என்று அதையே செதுக்கி, கண்ணாடிச் சில்லால் வழித்து, பளபளவென்று எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். காம்பு நடுவில் சரிவாக, பேனா முனை போல முறிந்திருந்தது. தலை பறந்து அவர் முழங்காலை உரசிக்கொண்டு போய் மண்ணில் செருகியிருக்கிறது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் கால் போயிருக்கும்.

அந்த மனுஷர் என்னைத் திட்டவில்லை. முறிந்த இரண்டு துண்டையும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “ஆசாரி, பையனுக்கு இதக் காட்டும்” என்று மட்டும் சொன்னார். அப்பா எழுந்து உட்கார்ந்தார். என் விரலைப் பிடித்துக் கட்டையின் ரேகை மேல் வைத்து இழுத்தார். கைப்பிடிப் பக்கம் தொடங்கிய ரேகை, ஒரு சாண் போவதற்குள் பக்கவாட்டில் வெளியே போய்விட்டது. “ரம்பம் நாரப் பாக்காதுலே, கோட்டத்தான் பாக்கும். ஆப்பு வச்சுப் பொளந்தா கட்ட அதுவாத் தன் வழியக் காட்டும்.” அன்றைக்கு அந்தக் காய்ச்சலோடேயே புதுக் காம்பு ஒன்று பிளந்து செய்து, காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு இன்று வரை அறுத்த கட்டையில் நான் காம்பு போட்டதில்லை.

பிளந்த கட்டையைக் காயவைப்பதில்தான் பாதி வித்தை. பச்சைக் கட்டையின் ஈரம் நுனிகள் வழியாகத்தான் வேகமாக ஓடும். நுனி முதலில் காய்ந்து சுருங்க, நடு இன்னும் ஈரமாக நிற்க, இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் கட்டை வெடிக்கும். அதனால் வெட்டிய அன்றே இரண்டு நுனியிலும் சாணியையும் செம்மண்ணையும் குழைத்து அப்பிவிடுவோம். நிழலில், தரையில் படாமல், காற்று நுழைகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவோம். மரத்தின் நடு மையம் உள்ள கட்டையைக் காம்புக்கு வைக்கவே மாட்டோம். பின்னாளில் படித்தபோது அதற்கும் காரணம் கிடைத்தது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. சுற்று வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மையத்தை உள்ளே வைத்துக்கொண்டால் கட்டை எங்காவது ஒரு பக்கம் வாய் பிளந்தே தீரும். அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. மையத்தை ஒதுக்கத் தெரியும்.

வெள்ளைக் கட்டை அதிகமுள்ளவற்றை ஊருணிக் கரையில் தண்ணீருக்குள் கல் வைத்து அமுக்கி மாதக்கணக்கில் ஊறப்போடுவதும் உண்டு. மரத்தில் உள்ள மாவுச்சத்துதான் பூச்சிக்குத் தீனி. அது தண்ணீரில் கரைந்து போய்விட்டால் உளுத்துப்போகாது. தேய்பிறையில் வெட்டினால் பூச்சி பிடிக்காது என்றும் அப்பா சொல்வார். நானும் தேய்பிறை பார்த்துத்தான் வெட்டுகிறேன். ஆனால் நான் நம்புவது ஊறப்போடுவதைத்தான்.

அளவு ஆளைப் பார்த்து. மண்வெட்டிக் கணையைத் தரையில் நிறுத்தினால் ஆளின் இடுப்பெலும்பைத் தொட வேண்டும். கோடாலிக் காம்பு அக்குளிலிருந்து விரல் நுனி வரை. பருமனுக்குக் கையையே பிடித்துப் பார்ப்போம்: பிடித்த விரல்களின் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே ஒரு விரல் அகலத்துக்குமேல் இடைவெளி இருந்தால் கட்டை பருமன், இடைவெளியே இல்லாமல் நகம் உள்ளங்கையில் குத்தினால் மெலிவு. கோடாலிக்கும் அரிவாளுக்கும் பிடி உருண்டையாக இருக்கக் கூடாது, முட்டை வடிவில் இருக்க வேண்டும். அப்போதுதான் இருட்டில் எடுத்தாலும் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும்.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், மிளகாய்க் காட்டில் களையெடுக்கும் பாட்டி ஒருத்தி களைக்கொத்தியை நீட்டினாள். “ஆசாரி, புடி கையக் கடிக்கிது” என்றாள். பிடி நன்றாகத்தான் இருந்தது, முறிவில்லை, ஆட்டமில்லை. அப்பா பிடியை விட்டுவிட்டு அவள் கையை வாங்கிப் பார்த்தார். சுண்டுவிரலும் மோதிர விரலும் முழுதாக மடங்கவில்லை, முடக்குவாதம். அவர் பிடியின் பின்பாதியை மட்டும் பருமனாக விட்டு, முன்பாதியை மெலித்து, கடைசியில் கை நழுவாதபடி ஒரு சின்ன மொக்கு வைத்தார். வாய்ச்சியால் பத்து வெட்டு, பிறகு கண்ணாடிச் சில்லு. நடுவில் மூன்று தடவை அவளிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். கடைசித் தடவை அவள் திருப்பித் தரவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து அங்கேயே நாலு களை கொத்திவிட்டு, மடியிலிருந்து காசை எடுத்தாள். மடக்க முடியாத அந்த இரண்டு விரலும் பருத்த இடத்தில் சும்மா சாய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பிடிகளில் அப்படி ஒன்று எங்கேயும் கிடைக்காது.

இரும்பில் ஏற்றுவதற்கும் முறை உண்டு. மண்வெட்டிக் கணை தலைப்பக்கம் பருத்து, கைப்பக்கம் சிறுத்து இருக்கும். கைப்பக்கத்தை இலையின் துளைக்குள் விட்டு இழுத்தால் தலை வந்து துளையைக் கவ்வும். ஓங்க ஓங்க இறுகுமே தவிரக் கழலாது. ஆடுகிற மண்வெட்டியை ராத்திரி தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அன்றைக்கு இறுகும், உண்மை. ஆனால் ஊதிய மரம் இரும்புத் துளைக்குள் இடமில்லாமல் தன்னையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்தால் முன்பைவிட அதிகமாக ஆடும். மறுபடி தண்ணீர், மறுபடி ஆட்டம். மெல்லிய ஆப்பு ஒன்று அடித்தால் முடிகிற வேலைக்கு ஏன் கணையைக் கொல்ல வேண்டும்?

வழிப்பதற்குக் கண்ணாடிச் சில்லு. மெருகுக்குப் பராய் இலை கிடைத்தால் அதுதான் முதல் தரம், உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்த மரம் அது. எங்கள் கரிசலில் அரிது; காவிரிப் பக்கம் போய் வருகிறவர்களிடம் சொல்லி வாங்கி, காயவைத்துப் பத்திரமாக வைத்திருப்போம். கடைசியில் வேப்பெண்ணெயோ இலுப்பெண்ணெயோ தேய்த்து ஒரு நாள் நிழலில் வைத்தால் வேலை முடிந்தது.

இனி அடுப்பு. செதுக்கிய சீவல்தான் எங்கள் தீமூட்டி. சாயங்காலம் வேலையை முடிக்கும்போது காலடியில் ஒரு கூடை சீவல் கிடக்கும். சுருள் சுருளாகக் காய்ந்த சீவலும் பனையிலிருந்து உதிர்ந்த பன்னாடையும் இருந்தால் மண்ணெண்ணெய் வேண்டியதில்லை. ஆவணியிலும் எங்கள் காட்டில் மேல்காற்று ஓயாது. தரைக்கு மேலே மூன்று கல் வைத்தால் தீ பாத்திரத்தை விட்டு அடுத்த ஊருக்கு ஓடும். அதனால் பொழியின் சரிவில் ஒரு முழம் குழி தோண்டி, காற்று வரும் பக்கம் சின்ன வாய் விட்டு அடுப்புக் கூட்டுவோம். முதலில் சுற்றிலும் இரண்டு பாகம் செத்தையைக் கூட்டித் தள்ளிவிட வேண்டும். ஒரு பொறி பக்கத்துப் படப்பில் விழுந்தால் ஒரு குடும்பத்தின் வருஷமே போய்விடும். ஓடையில் ஊறிக்கிடக்கும் கல்லை அடுப்புக்கு எடுக்கக் கூடாது. உள்ளே ஏறியிருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிக் கல்லை வெடிக்க வைக்கும். மேட்டில் காய்ந்து கிடக்கும் கல்லைத்தான் எடுப்போம்.

விறகும் ஆளுக்கு ஆள் குணம் மாறும். உலை கொதிக்கப் பருத்திமார், சடசடவென்று எரிந்து காரியத்தை முடித்துவிடும். கங்கு வேண்டுமானால் கருவேலம், ராத்திரி போட்டால் விடியற்காலையில் சாம்பலைக் கிளறினாலும் கண் விழிக்கும். அரளிக் குச்சியை மட்டும் அடுப்பிலும் வைக்கக் கூடாது, கிண்டவும் கூடாது, அதில் மீன் குத்திச் சுடவும் கூடாது. அதன் புகையும் நஞ்சு, பாலும் நஞ்சு. எருக்கும் கள்ளியும் அப்படித்தான். தெரியாத ஊரில் தெரியாத குச்சியைத் தீயில் வைக்காதே என்பது அப்பா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த சமையல் பாடம்.

சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் அதன் அடியிலும் பக்கத்திலும் மண்ணையும் சாம்பலையும் கரைத்துப் பூசிவிடுவோம். கரி அந்தப் பூச்சின் மேல்தான் பிடிக்கும். சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கரியும் மண்ணும் ஒன்றாக உரிந்து வரும். தண்ணீருக்குத் தட்டுப்பாடான காட்டில் இது பெரிய சகாயம்.

பெரும்பாலும் கேப்பைக் களிதான். தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி குருணை அரிசியைப் போட்டுக் குழைய வேகவிட வேண்டும். பிறகு மாவைக் குவியலாக நடுவில் கொட்டி, கிண்டாமல், துடுப்பின் காம்பால் குவியலில் ஒரு ஓட்டை போட்டு, தீயை இழுத்துவிட்டுக் கங்கிலேயே விட வேண்டும். ஆவி அந்த ஓட்டை வழியாக ஏறி மாவை உள்ளேயிருந்து வேகவைக்கும். அவசரப்பட்டு முதலிலேயே கிண்டினால் கட்டி விழும், உள்ளே பச்சை மாவு நிற்கும். மாவின் பச்சை வாசம் போய் வறுத்த வாசம் வரும்போது சட்டியைக் கால் விரலால் அணைத்துக்கொண்டு, அதாவது சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் பாதத்தை வைத்து, இரண்டு கையாலும் துடுப்பைப் போட்டுக் கிளற வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

துடுப்பு பூவரசில் செய்தது. வேம்பு என்றால் களி கசக்கும். நான் முதன்முதலில் முழுதாகச் செய்த பொருள் கணையல்ல, அந்தத் துடுப்புதான். அதில் களி கிளறிக் கிளறித்தான் காம்பு என்பது என்ன என்று என் கைக்குத் தெரிந்தது. இறுகிய களி மண்வெட்டி இழுக்கும் மண்ணைப் போலத்தான் எதிர்த்து நிற்கும். பிடி உருண்டையாக இருந்தபோது துடுப்பு கையில் சுழன்றது. மறுநாள் பட்டையாக்கினேன், சுழலவில்லை. முட்டை வடிவம் ஏன் என்று அப்பா அதுவரை பத்துத் தடவை சொல்லியிருந்தார், ஒரு சட்டிக் களியில் அது விளங்கிவிட்டது.

தொட்டுக்கொள்ள, சாளைக் கருவாட்டைக் கங்கின் மேல் புரட்டிச் சுட்டு, கல்லில் தட்டிச் செதிலை உதறி, சின்ன வெங்காயத்தோடு நசுக்குவோம். இல்லாவிட்டால் கத்தரிக்காயைச் சாம்பலுக்குள் புதைத்து, தோல் கருகி உள்ளே குழைந்ததும் உரித்து, சுட்ட மிளகாயும் புளியும் உப்பும் போட்டுப் பிசைவோம். தட்டு கிடையாது. பனையோலையை மடித்துக் கட்டிய பட்டைதான். சூடான களியின் ஆவி பட்டதும் பச்சோலை ஒரு வாசம் விடும். அந்த வாசத்துக்காகவே இன்றைக்கும் வருஷத்தில் நாலு நாள் நான் காட்டில் போய்த்தான் சாப்பிடுகிறேன். கிடை போட்டிருக்கும் ஆட்டுக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் பாலும் வந்து சேரும், தொரட்டிக்குக் கம்பு கேட்டு ஆளும் வந்து சேரும்.

சாப்பாடு முடிந்ததும் அடுப்பை அணைக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் அது பட்டறை. தொரட்டிக்கு வைத்திருக்கும் மூங்கில் கழியில் கோணல் இருந்தால், அந்த இடத்தில் எண்ணெய் தடவி, கங்குக்கு ஒரு சாண் உயரத்தில் காட்டிக்கொண்டே உருட்டுவோம். கருகக் கூடாது, எண்ணெய் மினுங்கி, கழி இளகுவது கையில் தெரிய வேண்டும். உடனே மரக் கவையில் கொடுத்து எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து, ஈரத்துணியைச் சுற்றி ஆறவிட்டால் கோணல் போய்விடும். அரிவாளுக்குப் பிடி போடுவதும் அந்தக் கங்கில்தான். பிடியில் முதலில் சிறியதாகத் துளை போட்டுவிட்டு, அரிவாளின் வாலைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்குவோம். புகை கக்கிக்கொண்டு தனக்கான இடத்தைத் தானே சுட்டு எடுத்துக்கொள்ளும். வெளியே இழுத்து ஆறவிட்டு, துளைக்குள் அரக்குத் தூளைப் போட்டு, மறுபடி லேசாகச் சூடாக்கி அடித்துப் பூண் போட்டால் அந்தப் பிடியை இழுத்துக் கழற்ற முடியாது.

இதிலே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கோடாலிக் காம்பு தலைக்குள்ளேயே முறிந்து மாட்டிக்கொண்டால், நிறையப் பேர் தலையை அப்படியே தீயில் போட்டு முறிந்த துண்டை எரித்து எடுக்கிறார்கள். துண்டு வந்துவிடும், ஆனால் கொல்லர் போட்ட தோய்ச்சலும் போய்விடும். எஃகின் மேல் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம். வாயில் நீலம் ஏறிவிட்டால் அது இனி மரம் வெட்டாது, மடங்கும். அப்பா கோடாலி வாயை ஈர மண்ணுக்குள் புதைத்துவிட்டு, துளை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, அதன் மேல் கங்கை அள்ளிப் போடுவார். நடுநடுவே மண்ணில் தண்ணீர் தெளிப்பார். துளைக்குள் இருக்கும் கட்டை கரியாகிவிடும், வாய் சில்லென்று இருக்கும். முடியாவிட்டால் துண்டை உளியால் தோண்டி எடுங்கள், கொஞ்சம் நேரம்தான் போகும்.

அப்பா போய்ப் பதினான்கு வருஷமாகிறது. சந்தையில் இப்போது தைல மரக் காம்புகள் கட்டுக் கட்டாக வருகின்றன. எல்லாம் அறுத்தவை, நார் முறுக்கியவை, ஒரு கோடையில் வெடிப்பவை. இரும்புக் குழாயைப் பற்றவைத்த மண்வெட்டியும் வந்துவிட்டது. முறியாது என்று வாங்குகிறார்கள். முறியாது, சரி. கல்லில் படும் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக மணிக்கட்டுக்கும் தோளுக்கும் ஏறுகிறது. சித்திரை வெயிலில் பிடிக்க முடியாமல் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்யும் பெண்களை நான் பார்க்கிறேன். கருவி முறியக் கூடாது என்று பார்த்தவர்கள் ஆள் முறிவதைப் பார்க்கவில்லை.

மரம் இல்லையே என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1870களில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விதைத்த சீமைக் கருவேலம் நம் கண்மாயையும் காட்டையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மண்ணுக்கு அது பகைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் கட்டை கெட்டி, காயும்போது அதிகம் சுருங்காது. நேரான துண்டு கிடைப்பதுதான் கஷ்டம், முள் குத்தினால் சீழ் வைக்கும். பொறுமையாகத் தேடினால் பத்து மரத்தில் இரண்டு கணை கிடைக்கிறது. மிச்சமெல்லாம் அடுப்புக்கும் கரிக்கும். எத்தனை வெட்டினாலும் குற்றமில்லாத மரம் அது ஒன்றுதான். கடந்த ஏழெட்டு வருஷமாகக் களைக்கொத்திப் பிடிகளை அதில்தான் போடுகிறேன், இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை.

விடத்தலையின் கதை வேறு. அது வேரிலிருந்து கன்று விட்டுப் பரவும் என்று பயந்து வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். அதன் காயை ஆடு விரும்பித் தின்னும், கிளையைக் கழித்துவிட்டாலே போதும், அடங்கி நிற்கும். எங்கள் பொழியில் இப்போது ஒன்பது நிற்கின்றன. நான் வைத்தவை மூன்று, மற்றவை தானாக வந்தவை. அதில் ஒன்று இன்னும் இரண்டு வருஷத்தில் கணைக்கு ஆகும். உங்கள் காட்டு வேலியோரம் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தொங்கும் முள் மரம் ஒன்று நின்றால், மண் அள்ளும் இயந்திரம் வரும் நாளில் அதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.